புளியங்கொட்டைக் கணக்கு

எங்கள் பிரதேசத்தில் பதினான்கு வருடம் வேலைசெய்துவிட்டு வருகிற டிசம்பரோடு புறப்படவிருக்கும் தொண்டு நிறுவனத்தின் நாட்டுப் பணிப்பாளர் அவர்களுக்கும், கடல் கடந்து இருக்கும் அதன் ஆளுநர் சபையினருக்கும்,

நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. வாசிக்க வாசிக்க உங்களுக்கே விளங்கும். பெயரைப் போட்டால், உங்களிடம் வருட ஒப்பந்தத்தில் மோட்டார் சைக்கிளில் ஓடித்திரியும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டு "யார் எழுதிக் கொடுத்தது?" என்று கேட்பீர்கள். ஒருத்தரும் எழுதிக் கொடுக்கவில்லை. நான் மட்டக்களப்பு மாவட்டத்து வெல்லாவெளிப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கச் செயலாளர். பதினொரு வருடம் முன்பள்ளியில் படிப்பித்தவள். அந்தக் காலம் முழுக்க மாதக் கொடுப்பனவு தந்தது நீங்கள்தான். அதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் தோண்டி எடுக்கத் தேவையில்லை.

போன மாதம் பிரதேச செயலகக் கேட்போர்கூடத்தில் விடைபெறும் கூட்டம் வைத்தீர்கள். ஒரு மணித்தியாலம் பேச்சு, பிறகு ரோல்ஸும் மைலோ பக்கற்றும். போகும்போது ஆளுக்கொரு வர்ணப் புத்தகம் கையில் தந்தீர்கள், முழுக்க ஆங்கிலத்தில். அன்றிரவு அக்காவின் மகன் வரி வரியாகத் தமிழில் சொல்லச் சொல்ல நான் கொப்பியில் எழுதினேன். பதினேழாம் பக்கத்தில் இப்படி இருக்கிறது: "இந்தச் சமூகம் தன் தேவைகளைத் தானே தெரிவுசெய்தது. இன்று தன் காலில் நிற்கிறது. ஆகவே நாம் விடைபெறுகிறோம்."

மூன்று வசனம். மூன்றாவது உங்கள் உரிமை. நிறுவனம் உங்களுடையது, போவதென்றால் போகலாம். இரண்டாவதைப் பற்றி இருந்து பேசலாம். முதலாவது பொய். அது பொய் என்பதற்கான சாட்சி எங்கள் முன்பள்ளித் தட்டில், ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலுக்குள் இருக்கிறது.

2012ஆம் ஆண்டு வைகாசி. மட்டக்களப்பு டவுனிலிருந்து உங்கள் ஆட்கள் மூன்று பேர் வந்தார்கள். முன்பள்ளி வேப்பமரத்துக்குக் கீழே எங்களை இருத்தி, ஊரை நிலத்தில் கீறச் சொன்னார்கள். அரிசிமாவாலும் சாம்பலாலும் கீறினோம்: குளம், வட்டை என்கிற வயல்வெளி, கோயில், ரோட்டு, யானை இறங்குகிற வழி. பிறகு ஆறு படத்தைப் பரப்பிவைத்தார்கள். கிணறு, மலசலகூடம், ஆடு, தையல் மெசின், யானைக்கு மின்வேலி, நெல் காயப்போடும் களமும் பக்கத்தில் ஒரு களஞ்சியமும். ஆளுக்கு ஐந்து புளியங்கொட்டை. எது முதலில் வேண்டுமோ அந்தப் படத்தில் போடுங்கள் என்றார்கள். "என்ன மனே, பல்லாங்குழியா?" என்று வயதான ஆச்சி ஒருத்தி கேட்க எல்லாரும் சிரித்தோம். ஆனால் போடும்போது ஒருத்தரும் சிரிக்கவில்லை. சில பேர் கொட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கனநேரம் நின்றார்கள். வாழ்க்கையில் முதல்தரம் யாரோ ஒருவர், உனக்கு என்ன வேணும் என்று கேட்டு, பதிலை எண்ணவும் போகிறார் என்றால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

53 பெண்கள், 265 கொட்டை. களத்துக்கு 121. கிணற்றுக்கு 64. மின்வேலிக்கு 47. மலசலகூடத்துக்கு 22. தையல் மெசினுக்கு 7. ஆட்டுக்கு 4. உங்கள் ஆட்கள் படம் எடுத்தார்கள். நான் சங்கத்துக் கூட்டக் கொப்பியில் எழுதினேன். கொட்டைகளை வீசிவிட மனம் வரவில்லை, அள்ளிப் போத்தலில் போட்டேன்.

2013 ஐப்பசியில் லொறியில் ஆடு வந்தது.

களத்துக்கு ஏன் அவ்வளவு கொட்டை விழுந்தது என்று அன்று ஒருவரும் கேட்கவில்லை. இப்போதாவது சொல்லிவிடுகிறேன். எங்கள் அப்பா காலத்தில் வெள்ளாமையைத் தாக்கத்தியால் வெட்டி, உப்பட்டி போட்டு, வெயிலில் கிடக்கவிட்டுக் கட்டி, களவெட்டியில் சூடு வைப்பார்கள், அதாவது கதிர்க்கட்டுகளைப் போராகக் குவிப்பார்கள். சூடு அடிக்க இரண்டு கிழமையும் போகும், ஒரு மாதமும் போகும். அதற்குள் நெல் தானாகவே காய்ந்துவிடும். இப்போது வெட்டு மெசின் வருகிறது. காலையில் வயலில் நின்ற கதிர் பத்து மணிக்கெல்லாம் ஈர நெல்லாக மூடைக்குள் இருக்கிறது. கூலி மிச்சம், நாளும் மிச்சம், அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் காயவைக்கிற வேலை வயலை விட்டு எழும்பி எங்கள் வாசலுக்கு வந்துவிட்டது. அதைச் செய்வது பெண்கள். வாசல் எவ்வளவு அகலம் என்று நினைக்கிறீர்கள்? மிச்சத்தைத் தார் ரோட்டில் பரப்புகிறோம். பஸ் ஏறும், மாடு மிதிக்கும், கல்லும் மணலும் சேரும். மாசியில் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மழை வந்தால், இரண்டாம் நாள் நெல் முளைவிட்டு மணக்கும்.

நெல் சந்தைப்படுத்தும் சபையின் முழு விலை, ஈரம் 14 வீதத்துக்கு மேல் போகாத நெல்லுக்குத்தான். 2025 பெப்ரவரியில் அரசாங்கம் நாட்டு நெல்லுக்குக் கிலோ 120 ரூபாய், சம்பாவுக்கு 125, கீரிச் சம்பாவுக்கு 132 என்று விலை அறிவித்தது. டிவியில் பார்த்தோம். ஈர நெல்லோடு இருக்கிறவளுக்கு அது டிவியில் பார்க்கிற விலைதான். வாசலுக்கு வருகிற லொறிக்காரர் அதைவிடக் குறைத்துத்தான் கேட்பார். அதிலும் ஈரக் கழிவு என்று மூடைக்கு மூடை கிலோக் கணக்கில் வெட்டுவார். அவருடைய தராசு, அவருடைய கணக்கு. கொடுக்காமல் காயவைத்து வீட்டுக்குள் அடுக்கினாலோ, நெல் வாசத்துக்கு இரவில் யானை வந்து சுவரை உடைக்கும். எங்கள் ஒழுங்கையிலேயே மூன்று வீட்டுச் சுவரில் அப்படி உடைத்து அடைத்த தடம் இருக்கிறது. ஆகவே மாசியில் கிடைத்த விலைக்கு விற்றுவிட்டு, கார்த்திகை மார்கழியில் கடையில் அரிசி வாங்கிச் சமைக்கிறோம். நெல் விளைகிற ஊரில் அரிசிக்குக் கடன்கொப்பி. இதை நிறுத்த ஒரு சீமெந்துக் களமும் பலமான சுவர் வைத்த ஒரு அறையும் போதும் என்றுதான் அந்த 121 கொட்டையும் விழுந்தன.

சரி, ஆட்டுக்கு வருவோம்.

நீளக் காது ஜமுனாபாரி. குடும்பத்துக்கு மூன்று மறி, ஐந்து குடும்பத்துக்கு ஒரு கிடா, மொத்தம் நாற்பது குடும்பம். பார்க்க அழகு. வாடைமழை தொடங்கப் பத்து நாள் இருக்கும்போது கொண்டுவந்து இறக்கினீர்கள். எங்கள் ஊர் ஆட்டுக்கே மாரியில் பரண் கட்டித்தான் வைப்போம். பரணுக்குத் தடி வெட்ட அவகாசம் இல்லை. கார்த்திகையில் குளம் நிரம்பி வாசலில் தண்ணீர் நின்றபோது ஆடுகள் இருமத் தொடங்கின, பிறகு குளம்பு அழுகியது. மிருக வைத்தியரைக் கூட்டிவர ரோட்டு இல்லை. தைப்பொங்கலுக்குள் பாதிக்கு மேல் செத்துவிட்டன. என்னுடைய மூன்றில் ஒன்றைப் பொங்கலுக்கு முதல் கிழமை விற்றேன், இரண்டைப் புதைத்தேன். அந்த ஆச்சிதான் சொன்னாள்: "ஆடு தந்தவன் அதுக்கு ஒரு குடையும் தந்திருக்கணும் கா." இன்று ஊரில் அந்த வம்சத்தில் இரண்டு நிற்கின்றன.

களம் கேட்டோமே, ஏன் ஆடு என்று அப்போது உங்கள் கள உத்தியோகத்தரிடம் கேட்டேன். நல்ல பிள்ளை, மறைக்கவில்லை. "அக்கா, இந்த வருசக் காசு கால்நடைக்கு எண்டு வந்தது. மார்ச்சுக்குள்ள செலவழிச்சு முடிக்கணும். இல்லாட்டித் திரும்பிப் போயிடும்" என்றான். அந்தப் பதிலோடு எனக்குச் சண்டை இல்லை. கொடுக்கிறவருடைய காசுக்குக் கொடுக்கிறவருடைய நிபந்தனை இருக்கும். அதை எங்கள் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால், சரி, ஆடாவது சித்திரையில் தாருங்கள் என்றாவது கேட்டிருப்போம். புளியங்கொட்டை எண்ணவைத்து, படம் எடுத்து, அந்தப் படத்தையே இப்போது புத்தகத்தின் பதினாறாம் பக்கத்தில் போட்டு, எதிர்ப்பக்கத்தில் "தானே தெரிவுசெய்தது" என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. படத்தை உற்றுப் பார்த்தால் களத்துப் படத்தின் மேல் கொட்டை குவிந்திருப்பது தெரிகிறது. அச்சடித்தவர்கள் அதைக்கூடப் பார்க்கவில்லை. ஒன்பதாம் பக்கத்தில் "40 குடும்பங்களின் வருமானம் உயர்ந்தது" என்றும் இருக்கிறது. இரண்டாம் வருடம் ஆடு எண்ண ஒருவரும் வரவில்லையே, உயர்ந்ததை எப்படி அளந்தீர்கள்?

நீங்கள் செய்த நல்லதை மறைத்தால் என் வாய் அழுகிவிடும். 2011 ஜனவரி வெள்ளத்தில் கிழக்கு மாகாணமே தண்ணீருக்குள் நின்றபோது எங்களுக்கு முதல் தறப்பாள் தந்தது நீங்கள். மலசலகூடத்துக்கு 22 கொட்டைதான் விழுந்தது, ஆனாலும் 38 வீட்டுக்குக் கட்டித் தந்தீர்கள். யானைக்குப் பயந்து இரவில் அடக்கிக்கொண்டு கிடந்த பொம்பிளைப் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்று ஆண்கள் நிறைந்த ஒரு கூட்டத்தில் சொல்ல முடியாது, இங்கே எழுதுகிறேன். முன்பள்ளியில் படித்த பிள்ளைகளில் ஒருத்தி இப்போது தாதியர் பயிற்சியில் இருக்கிறாள். இதெல்லாம் உங்கள் புத்தகத்தில் அரைப்பக்கம்கூட இல்லை. ஏனென்று தெரியவில்லை. மலசலகூடம் படத்துக்கு அழகில்லையோ என்னவோ.

அழகு என்றதும் இருபத்திரண்டாம் பக்கம் ஞாபகம் வருகிறது. முழுப் பக்கத்துக்கு ஒரு முகம். எங்கள் பக்கத்து வளவுக்காரி. புருசன் 1990இல் காணாமல் போனவர். படம் எடுத்த அன்று அவள் பெட்டிக்குள்ளிருந்து நல்ல சேலையை எடுத்து உடுத்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு ஆள் வருகிறது என்றால் யாரும் அப்படித்தானே வருவார்கள். படம் எடுத்தவர், வேலைக்குப் போகும்போது உடுப்பதையே உடுங்கள் என்று திருப்பி அனுப்பினார். செருப்பையும் கழற்றச் சொன்னார். படத்துக்குக் கீழே, அவள் ஒருவேளைச் சோற்றுக்கு வழியில்லாமல் இருந்ததாகவும் உங்களால் நிமிர்ந்ததாகவும் எழுதியிருக்கிறது. அவளுக்கு ஒன்றரை ஏக்கர் வயலும் நாலு மாடும் இருக்கின்றன. பட்டினி கிடந்த காலம் ஒன்று இருந்தது உண்மை. அது 2007 மார்ச்சில் யுத்தச் செல்லடிக்குள் பட்டிருப்புப் பாலம் தாண்டி ஓடிவந்து, களுவாஞ்சிகுடிப் பக்கம் தறப்பாளுக்குள் கிடந்த காலம். அந்த நேரம் மாவட்டத்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சனம் அப்படித்தான் கிடந்தது. அதிலிருந்து அவளை நிமிர்த்தியது அவளுடைய கை. அந்தப் படம் உங்கள் இணையப் பக்கத்திலும் ஏறி, டவுனில் படிக்கிற அவள் பேரனுடைய கூட்டாளிகளின் போனுக்கும் வந்துவிட்டது. பையன் இரண்டு கிழமை வீட்டுக்கு வரவில்லை. அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "புள்ள, என்ட படத்த அவங்க எத்தின பேருக்கு வித்திருப்பாங்க?"

நான் என்ன பதில் சொல்ல?

உங்கள் மட்டக்களப்பு அலுவலகச் சுவரில் ஒரு கண்ணாடிச் சட்டம் தொங்குகிறது. செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து 1994இல் எழுதிய நடத்தைக் கோவை, பத்து அம்சம். நாலைந்து தரம் அதற்குக் கீழே கதிரையில் காத்திருந்திருக்கிறேன், அலங்காரம் என்றுதான் நினைத்தேன். போன கிழமை அக்காவின் மகன் அதையும் வாசித்துச் சொன்னான். ஏழாவது, உதவி பெறுகிறவர்களை அந்த உதவியை நடத்துவதில் பங்காளிகளாகச் சேர்க்க வழி காணவேண்டும் என்கிறது. ஒன்பதாவது, காசு தருகிறவர்களுக்கு மட்டுமில்லாமல் உதவி பெறுகிறவர்களுக்கும் நீங்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்கிறது. பத்தாவது, விளம்பரத்திலும் படத்திலும் பாதிக்கப்பட்டவர்களைக் கதியற்ற பொருளாகக் காட்டாமல் மரியாதையுள்ள மனிதராகக் காட்டவேண்டும் என்கிறது. முப்பது வருடத்துக்கு முதல் நீங்களே எழுதிக்கொண்டது. நான் புதிதாக ஒன்றும் கேட்கவில்லை, சுவரில் இருப்பதைத்தான் கேட்கிறேன்.

கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, அறிக்கை கொடுக்கிறீர்கள். கொழும்பில் அரசசார்பற்ற நிறுவனங்களுக்கான செயலகத்துக்குக் கொடுக்கிறீர்கள். வெளிநாட்டில் மாதம் மாதம் ஒரு பிள்ளையின் பெயரில் காசு போடுகிறவர்களுக்கும் கொடுக்கிறீர்கள். அந்தக் கடைசி அறிக்கை எப்படித் தயாராகிறது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் பிள்ளைகளைக் கடிதம் எழுதவைத்தவள் நான். கரும்பலகையில் மாதிரி எழுதிப்போடுவோம். நான் சுகம், எனக்குப் பிடித்த நிறம் நீலம், எங்கள் ஊரில் மயில் இருக்கிறது, நன்றி. ஒருதரம் ஒரு பிள்ளை "எங்கட கிணத்தில தண்ணி வத்திட்டு" என்று சேர்த்து எழுதினாள். அந்தக் கடிதம் திரும்பி வந்தது, வேறு எழுதச் சொல்லி. நானும் எழுதவைத்தேன். அந்தப் பிள்ளையிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

இப்போது அந்த இரண்டாவது வசனம், தன் காலில் நிற்கிறோம் என்பது.

கூட்டத்தில் உங்கள் அதிகாரி ஒருவர், இலங்கை இப்போது நடுத்தர வருமான நாடு, கொடையாளிகள் ஆபிரிக்காவைத்தான் பார்க்கிறார்கள் என்றார். 2019 ஜூலையில் உலக வங்கி இலங்கையை உயர் நடுத்தர வருமான நாடு என்றது, அடுத்த ஜூலையில் ஒரு படி இறக்கியது. 2022 ஏப்ரலில் நாடே வெளிநாட்டுக் கடன் கட்டமுடியாது என்று கையை விரித்தது. அதற்கு முதல் வருடம் இரசாயனப் பசளையை ஒரே இரவில் தடைசெய்ததில் எங்கள் வட்டையில் வெள்ளாமை மஞ்சளாகி நின்றது. 2024இலும் நாட்டில் ஏறத்தாழ நாலு பேரில் ஒருவர் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்ததாக அதே உலக வங்கிதான் கணக்குச் சொல்கிறது. 2025 தொடக்கத்தில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்தியதும் எல்லா நிறுவனங்களுக்கும் கை இறுகிவிட்டது, அது எனக்கு விளங்குகிறது. காசில்லை, ஆகவே போகிறோம் என்று சொல்லுங்கள். சோறு போட்டு வழியனுப்புவோம். நாங்கள் நிமிர்ந்துவிட்டோம், ஆகவே போகிறோம் என்று சொல்லாதீர்கள்.

காலில் நிற்பது பற்றி இன்னொன்று. 2014இல் பெண்களைப் பத்துப் பத்துப் பேராகச் சேர்த்து சேமிப்புக் குழு அமைத்தீர்கள். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் பொறுப்பு என்று பழக்கினீர்கள். இரண்டு வருடத்தில் நுண்கடன் கம்பனிகள் வந்தன. குழு தயார், தலைவி தயார், கிழமைக்குக் கிழமை கூடுகிற மரநிழலும் தயார். அவர்களுக்கு ஒரு வேலையும் மிச்சமில்லை. நீங்கள் காட்டிக்கொடுத்தீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பழக்கிய மாட்டை வேறொருவர் வந்து அவிழ்த்துக்கொண்டு போனபோது நீங்கள் "அது எங்கள் திட்டத்துக்குள் வராது" என்றீர்கள். ஒரே வீட்டில் நாலு கம்பனிக் கடன். செவ்வாய்க்கிழமை தவணைக்காசு வாங்கக் கட்டுக்காரர் வந்தால் குசினிக்குள் ஒளிந்த தாய்மார். 2018இல் இலங்கைக்கு வந்த ஐ.நா. நிபுணர் ஜுவான் பப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி, சில நுண்கடன்களின் வட்டி வருடத்துக்கு 220 வீதம் வரை போகிறது என்று சொன்னார். அதே வருடம் ஒரு லட்சத்துக்கு உட்பட்ட நிலுவைக் கடன்களை அரசாங்கம் தள்ளுபடி செய்ததில் எங்கள் ஊரில் சிலர் தப்பினார்கள், சிலர் மத்திய கிழக்குக்குப் போனார்கள். போன ஒருத்தியின் இரண்டு பிள்ளைகளும் என் முன்பள்ளியில்தான் வளர்ந்தார்கள். அந்தக் கடன்களில் முக்கால்வாசி எதற்கு எடுக்கப்பட்டது தெரியுமா? விதைநெல்லுக்கு. மாசியில் ஈரத்தோடு விற்ற நெல்லுக்குப் பதிலாக ஐப்பசியில் வாங்கிய விதைநெல்லுக்கு. எதைப் பேசத் தொடங்கினாலும் கடைசியில் அந்தக் களத்தில்தான் வந்து நிற்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்குச் செய்யத் தெரியாது, ஆகவே வெளியிலிருந்து வந்து தீர்மானிக்கவேண்டும் என்று யாராவது உங்கள் சபையில் நினைத்தால் 2004ஐ ஞாபகப்படுத்துகிறேன். டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்த செய்தி எங்களுக்குப் பத்துமணிக்குப் பிறகுதான் கிடைத்தது. மத்தியானத்துக்குள் கோயிலடியில் ஏழு கிடாரம் அடுப்பில் ஏறியது. யார் சொன்னது, யார் கணக்கு வைத்தது என்று ஒன்றும் இல்லை. பின்னேரம் உழவு மெசின் பெட்டியில் சோறும் பருப்பும் தேங்காயும் பட்டிருப்புப் பாலம் தாண்டிப் பெரியகல்லாறுக்குப் போயின. உடுத்த துணி மாற்றிக்கொள்ள வீட்டில் இருந்த சேலைகளையும் கட்டிக் கொடுத்தோம். வெள்ளை வாகனங்கள் வந்தது அதற்குப் பிறகு. 2006இல் உலக நிறுவனங்கள் சேர்ந்து செய்த சுனாமி மதிப்பீட்டு அறிக்கையும் இதைத்தான் சொன்னது: முதல் நாட்களில் உயிர்களைக் காத்தது பெரும்பாலும் அந்தந்த ஊர்ச் சனம், வெளி உதவி அந்தச் சனத்தின் முயற்சிக்குப் பின்னால் நிற்கப் பழகவேண்டும் என்று. பத்து வருடம் கழித்து, 2016இல் இஸ்தான்புல்லில் நடந்த உலக மனிதாபிமான மாநாட்டில், நிதியில் 25 வீதமாவது உள்ளூர் அமைப்புகளின் கையில் போகவேண்டும் என்று பெரிய கொடையாளிகளும் நிறுவனங்களும் கையெழுத்து வைத்தார்கள். எங்கள் சங்கத்தின் கையில் பதினான்கு வருடத்தில் உங்களிடமிருந்து நேரடியாக வந்த காசு, கூட்டங்களுக்குத் தேத்தண்ணிச் செலவு. பற்றுச்சீட்டு வைத்திருக்கிறேன்.

இனி நான் கேட்பவை.

முதலில் அந்த வர்ணப் புத்தகத்தைத் திருப்பி வாங்குங்கள். பதினேழாம் பக்கத்து முதல் வசனத்தை நீக்குங்கள், அல்லது எதிர்ப்பக்கத்தில் 121, 64, 47, 22, 7, 4 என்ற எண்களை அச்சடித்து, எதைக் கொடுத்தீர்கள் என்றும் எழுதுங்கள். இருபத்திரண்டாம் பக்கத்து முகத்தைப் புத்தகத்திலிருந்தும் இணையத்திலிருந்தும் உடனே எடுத்துவிட்டு, எடுத்தாயிற்று என்று அவளுக்குத் தமிழில் ஒரு கடிதம் கொடுங்கள். உங்களிடம் இருக்கிற எங்கள் பிள்ளைகளின் படங்களும் கடிதங்களும் நீங்கள் போன பிறகு எங்கே இருக்கும், யார் கையில் இருக்கும் என்பதையும் அதே கடிதத்தில் சொல்லவேண்டும்.

அடுத்தது கணக்கு. 2011 முதல் இன்றுவரை எங்கள் கிராமத்தின் பெயரில் எவ்வளவு காசு வந்தது, அதில் பொருளாக ஊருக்குள் இறங்கியது எவ்வளவு, வாகனத்துக்கும் ஹோட்டலுக்கும் சம்பளத்துக்கும் போனது எவ்வளவு. தமிழில், ஒரு தாளில், முன்பள்ளிச் சுவரில் ஒட்டக்கூடிய மாதிரி. சம்பளம் கொடுத்ததைப் பிழை என்று யாரும் சொல்லமாட்டோம், எங்கள் பிள்ளைகளும்தான் அதில் சம்பளம் எடுத்தார்கள். தெரியவேண்டும், அவ்வளவுதான்.

முன்பள்ளி டிசம்பரில் மூடக்கூடாது. இரண்டு ஆசிரியைகளின் கொடுப்பனவை இன்னும் ஒரு வருடம் தாருங்கள். மாகாண முன்பள்ளிப் பணியகத்தோடும் பிரதேச சபையோடும் பேசிப் பொறுப்பை மாற்ற எங்களுக்கு அந்த அவகாசம் வேண்டும். நான் இப்போது அங்கே படிப்பிக்கவில்லை, ஆகவே எனக்காகக் கேட்கவில்லை.

கடைசியாகக் களம். மூடுகிற வருடத்துக்கென்று "நிறைவுச் செயற்பாடுகள்" என ஒரு தொகை ஒதுக்கியிருப்பதாகக் கூட்டத்தில் சொன்னீர்கள். நினைவுத் தூணும் வழியனுப்பு விழாவும் அதில் வருகிறதாம். எங்களுக்குத் தூண் வேண்டாம். ஊர் முழுக்க முன்னைய நிறுவனங்களின் பெயர்ப்பலகைகள் இருக்கின்றன, சில இப்போது கோழிக்கூட்டுக்குக் கூரை. அந்தக் காசைக் களத்துக்கும் களஞ்சியத்துக்கும் மாற்றுங்கள். மேசன் எழுதித் தந்த மதிப்பீட்டை இந்த மடலோடு இணைத்திருக்கிறேன். கோயில் நிருவாகம் காணி தரச் சம்மதித்துக் கையெழுத்து வைத்த கடிதமும் இருக்கிறது. மணலும் கல்லும் நாங்கள் ஏற்றித் தருவோம், கூலி சிரமதானம், சங்கத்துச் சேமிப்பிலிருந்து சீமெந்துக்கு ஒரு பங்கு. மிச்சத்துக்குத்தான் உங்கள் காசு. அதைச் சங்கத்தின் வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள், ஒவ்வொரு பற்றுச்சீட்டையும் நாங்கள் உங்களுக்குத் திருப்பி அனுப்புவோம். கணக்குக் காட்ட எங்களுக்குத் தெரியும்.

இதில் நாள் கடத்த முடியாது. ஐப்பசியில் விதைப்புத் தொடங்கினால் ஊரில் ஆள் பிடிக்க ஏலாது. கார்த்திகை மார்கழி மழையில் கொங்கிறீற் போட முடியாது. மாசியில் மெசின் வயலுக்கு இறங்கும்போது களம் காய்ந்து இறுகி இருக்கவேண்டும் என்றால், புரட்டாதிக்குள் அத்திவாரம் போட்டாகவேண்டும். ஆகவே மண்டூர்த் திருவிழா முடிந்து வருகிற முதல் ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் மூன்று மணிக்கு, முன்பள்ளியில் சங்கக் கூட்டம் வைத்திருக்கிறோம். களப் பிள்ளைகளை அனுப்பவேண்டாம், அவர்களால் ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. கையெழுத்து வைக்கும் அதிகாரம் உள்ள ஒருவர் வரவேண்டும். தமிழ் தெரியாதென்றால் அக்காவின் மகன் இருக்கிறான். குருமண்வெளிப் பக்கமாக வந்தால், ஆற்றைக் கடக்கிற பாதைப் படகு ஐந்து மணிக்குப் பிறகு எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது, பட்டிருப்புப் பாலத்தால் வாருங்கள்.

வருகிறவர் கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவரட்டும். பாய் விரித்து, ஹோர்லிக்ஸ் போத்தலையும் 2012ஆம் ஆண்டுக் கூட்டக் கொப்பியையும் நடுவில் வைத்திருப்போம்.

இங்ஙனம்,
செயலாளர்,
மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம்,
போரதீவுப்பற்று, படுவான்கரை.
2025 ஆவணி